லீஸ் அறுபது நாள்

ஆகஸ்ட் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை, வெளியில் ஒரே புழுக்கம். எங்கள் மையத்தின் பின்னறையில் மட்டும் ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்ததால் நான் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிடத்தில்தான் கடைசிப் பொத்தானை அழுத்தினேன். எதைச் செய்தாலும் மணி பார்த்துவிட்டுச் செய்வது என் பழக்கம். வங்கியின் கணினிப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

மையம் என்று நான் சொல்வது ஒரு டயாலிசிஸ் மையம். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில், ஓர் அறக்கட்டளை நடத்துவது. பதினான்கு மிஷின்கள், ஐம்பத்து மூன்று நோயாளிகள், ஒரு நாளைக்கு இரண்டு ஷிஃப்ட். ஐம்பத்து மூன்று பேரில் என் மனைவியும் ஒருத்தி. திங்கள், புதன், வெள்ளி; இரண்டாவது ஷிஃப்ட்; ஒன்பதாம் நம்பர் மிஷின். நாலு வருஷமாகப் போகிறாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த என்னை, "சும்மாதானே ஒக்காந்துகினு கீறீங்க" என்று சொல்லித்தான் கௌரவச் செயலாளர் ஆக்கினார்கள்.

இந்த ஊரில் பிறந்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் மூன்று சர்வர்களை நன்கொடையாக அனுப்பியிருந்தார். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு சின்ன கிளவுட் அமைத்துக் கொடுத்தார்கள். வெளியார் யாரும் உள்ளே வர முடியாது. அப்படித்தான் வேண்டும் என்று நான்தான் கேட்டேன். அதன் மேல் ஒரு டிசைன் கருவி. திரையில் ஒரு கட்டம் போட்டால் அந்தச் சர்வர்களுக்குள் ஒரு கணினி. இன்னொரு கட்டம் போட்டால் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கோடு இழுத்தால் இணைப்பு. படம் போட்டு முடித்துப் பொத்தானை அழுத்தினால், படத்தில் உள்ளது அத்தனையையும் கீழே இருக்கும் கிளவுட் தானே கட்டிக் கொடுத்துவிடும். கொத்தனார் இல்லாமல் வீடு எழும்புவது மாதிரி. ஆனால் முதலில் கருவியையும் கிளவுடையும் இணைக்க வேண்டும். அதைத்தான் அன்று செய்தேன்.

சென்னையில் இருக்கும் பொறியாளர், முப்பது வயதுப் பெண், செல்போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் பொருளாளர் காபியோடு உட்கார்ந்திருந்தார். ஆசிரமத்துப் பக்கம் பதினோரு வீடுகள் வைத்திருப்பவர். எல்லாம் லீஸுக்கு விட்டவை.

"சார், கிளவுட் அக்கவுன்ட்னு ஒரு பக்கம் வந்திருக்கா? அதுல நம்ம கிளவுட் அட்ரஸ், யூசர் பேர், பாஸ்வேர்ட் மூணும் போடுங்க."

போட்டேன். நான் சரிபார்க்கச் சொன்னதும் இந்த இடத்தை நம்புகிறீர்களா என்று கருவி கேட்டது. அதற்குக் கீழே நீளமாக எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி. நான் அதை, சர்வரை அமைத்தவர்கள் எழுதிக் கொடுத்திருந்த வரியோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

"சார், இருக்கீங்களா?"

"பாதி வந்துட்டேம்மா."

"நம்புங்க சார். உங்களுக்கு பின்னாடி இருக்கற பெட்டிதான் அது."

பொருளாளர் சிரித்தார். நம்புகிறேன் என்று அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு அந்த மூன்று சர்வர்களுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஏழு கணினிகளின் பெயர்களும், ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறது என்பதும் வரிசையாகத் திரையில் வந்தன. நான் அதற்கு எதையும் சொல்லித் தரவில்லை. நான் கொடுத்த ஒரு சாவியை வைத்துக்கொண்டு உள்ளே போய் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு வந்துவிட்டது. எண்ணுவது என் வேலை. அதை என்னைவிட வேகமாக இன்னொன்று செய்ததில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

முன்பே போட்டு வைத்த படத்தைத் திறந்தேன். மூன்று கட்டங்கள். ஒன்று நோயாளிகளின் பதிவேட்டுக்கு. ஒன்று ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்கு. மூன்றாவது, முதல் இரண்டின் நகலுக்கு. ஏதாவது ஆனால் நகல் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கலாம் என்பதற்காக அந்த மூன்றாவதை நானே கேட்டுப் போட்டுக்கொண்டேன்.

அடுத்து ஒரு கட்டம் வந்தது: லீஸ், எத்தனை நாள்?

"இங்க லீஸ்னு கேக்குதேம்மா?"

"அது உங்க ட்ரஸ்ட் பாலிசி சார், நீங்க என்ன முடிவு பண்றீங்களோ அத போடுங்க. ஒரு ரெண்டு நிமிஷம் சார், இன்னொரு கால் வருது."

போன் மௌனமானது. நான் பொருளாளரைப் பார்த்தேன். லீஸ் விஷயத்தில் அவரை விட்டால் ஊரில் யாரைக் கேட்பது? இங்கே லீஸ் என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. கெடு முடிந்தால் உட்கார்ந்து பேசுவார்கள். தொகையைத் திருப்பிக் கொடுத்தால் காலி செய்வார்கள், இல்லையென்றால் நீட்டிப்பார்கள். பேசாமலே இரண்டு வருஷம் ஓடுவதும் உண்டு.

"கம்மியா போடுங்க சார்" என்றார் பொருளாளர். "ஜாஸ்தி போட்டீங்கன்னா நம்ம கை கட்டிப்போச்சு. நான் ஒருத்தனுக்கு மூணு வருஷம் போட்டுட்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"இது வீடு இல்லீங்களே."

"எதா இருந்தா இன்னா? லீஸ்னா லீஸ்தான். முடிஞ்சா வந்து பேசுவாங்க, புடிச்சா நீட்டிக்கலாம். ரெண்டு மாசம் போடுங்க."

அறுபது என்று போட்டேன். அதன் கீழேயே இன்னொரு கட்டம்: கெடு முடிந்த பிறகு சலுகை நாட்கள். அதற்கும் அவரைப் பார்த்தேன்.

"ஒரு நாள் போதும். சலுகை ஜாஸ்தி குடுத்தா அப்பறம் பழக்கமாயிடும்."

ஒன்று என்று போட்டேன். அந்தப் பெண் திரும்ப வந்து, "எல்லாம் பச்சையா இருக்கா சார்?" என்று கேட்டாள். "பச்சைம்மா" என்றேன். மணி பார்த்தேன். அழுத்தினேன்.

ஒரு மணி நேரத்துக்குள் மூன்று கணினிகளும் எழும்பி நின்றன. மூன்று வாரத்தில் ஐம்பத்து மூன்று பேரின் விவரமும் ஏறியது. காகித நோட்டுகளை நிறுத்தினோம், பழையவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டோம். தலைமை நர்ஸ் மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் ரெண்டுலயும் எழுதிக்கறோமே சார்" என்றாள். எதற்கு இரட்டை வேலை என்று நான்தான் சொன்னேன்.

அக்டோபர் மூன்றாம் தேதி ஒரு மின்னஞ்சல் வந்தது. லீஸ் மூன்று நாளில் முடிகிறது என்று. பொருளாளருக்குப் போன் செய்தேன்.

"நாமளா போயி கேட்டா ஏத்திடுவான் சார்" என்றார். "அவனே வந்து கேக்கட்டும்."

யார் அந்த அவன் என்று நானும் கேட்கவில்லை.

ஆறாம் தேதி திங்கட்கிழமை, பௌர்ணமி. கிரிவலத்துக்குக் காலையிலிருந்தே கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. நாலு மணிக்கு மேல் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வண்டி விடமாட்டார்கள். திங்கட்கிழமை இரண்டாவது ஷிஃப்டில் பதின்மூன்று பேர். அதில் ஆறு பேர் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். சாலை மூடுவதற்குள் அவர்கள் பஸ் பிடித்தாக வேண்டும்.

திங்கட்கிழமை எப்போதுமே எனக்குப் பயமான நாள். வெள்ளிக்குப் பிறகு நடுவில் இரண்டு நாள் இடைவெளி. உடம்பில் தண்ணீர் சேர்ந்துவிடும். அன்று காலை எடை பார்த்தபோது என் மனைவி, இருக்க வேண்டியதைவிட மூன்று கிலோ எழுநூறு கிராம் கூடுதல். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று விடியற்காலையிலிருந்தே கட்டிலில் உட்கார்ந்தபடி இருந்தாள்.

"நேத்து மத்தியானம் மோர் எத்தனை டம்ளர் குடிச்சே?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கினுதானே இருந்தீங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு நர்ஸ்கள் மேஜையில் இருந்த மூன்று திரைகளும் ஒரே சமயத்தில் வெறுமையாயின. நான் அப்போது வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருந்தேன். தலைமை நர்ஸ் உள்ளேயிருந்து, "சார், கொஞ்சம் வாங்க" என்றாள். அவள் குரலை உயர்த்தாமல் கூப்பிட்டதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பின்னறைக்குப் போய் டிசைன் கருவியைத் திறந்தேன். என் மூன்று கட்டங்களும் சாம்பல் நிறத்தில் இருந்தன. பக்கத்தில் எழுதியிருந்தது: லீஸ் முடிந்தது. நிறுத்தப்பட்டது. அழிக்கப்படும் நேரம், நாளை காலை 10.40.

அழிக்கப்படும் என்பதை இரண்டு முறை படித்தேன். காலி செய்யப்படும் என்றில்லை. பேசித் தீர்க்கப்படும் என்றில்லை. இந்த லீஸில் கெடு முடிந்தால் வீட்டையே இடித்துவிடுவார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது கட்டத்தைப் பார்த்தேன். நகல். அதுவும் அதே படத்தில், அதே லீஸில், அதே சாம்பல் நிறத்தில் இருந்தது. 

நீட்டிப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. அந்த அனுமதி பொறியாளருக்கு மட்டும். அவள் சென்னையில், வெளியிலிருந்து உள்ளே வர வழி கிடையாது. வழியை அடைக்கச் சொன்னவன் நான். அவளுக்குப் போன் போட்டேன். லைன் போகவில்லை. பௌர்ணமியன்று இந்த ஊரில் செல்போன் இப்படித்தான். லட்சம் பேர் ஒரே நேரத்தில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கூடத்தில் பதின்மூன்று பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பதினான்கு மிஷின்களில் இரண்டு தனி. மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பவர்களுக்கு மட்டும் அவை. அந்த இரண்டில் யார், மற்றதில் யார் என்பது பதிவேட்டில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க எவ்வளவு மருந்து, எல்லாம் அதில்தான். என் மனைவிக்கு இரண்டாவது வருஷத்தில் ஒருமுறை ரத்தத்தை வடிகட்டும் ஃபில்டர் ஒத்துக்கொள்ளாமல் ஊசி குத்திய ஐந்தாவது நிமிஷம் ரத்த அழுத்தம் விழுந்து கண் செருகிவிட்டது. அதற்குப் பிறகு ஃபில்டரை மாற்றினார்கள். எந்த வகை ஆகாது என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பதிவேட்டுக்குத் தெரியும்.

"சிஸ்டர், உங்களுக்கு இவங்க எல்லாரையும் தெரியுமில்ல?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். ஆனா தெரியும்ங்கறத வச்சிகிட்டு நான் ஊசி குத்த மாட்டேன்."

ஒருவர் எழுந்து வந்து, "இன்னா சார், கரண்ட் இல்லியா? ஃபேன் ஓடுதே" என்றார். பஸ்ஸுக்குப் போகவேண்டிய ஆறு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஜன்னல் ஓரத்து நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கால்மேல் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். நிமிஷத்துக்கு இருபத்தாறு மூச்சு. வழக்கமாகப் பதினெட்டு.

"ஏங்க, போயி வேலயப் பாருங்க. என்னை எண்ணாதீங்க."

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஒரு வழியாகப் போன் கிடைத்தது. நான் நடந்ததைச் சொன்னேன்.

"சார், லீஸ் எத்தனை நாள் போட்டீங்க?"

"அறுபது."

"அய்யோ. சரி சார், பதட்டப்படாதீங்க. இப்ப ஆஃப்தான் ஆயிருக்கு, இன்னும் அழியல. டூலை விட்டுடுங்க. நேரா கிளவுட்டுக்குள்ள போய் மூணையும் ஆன் பண்ணுங்க. நாளைக்கு காலைல நான் வந்து..."

அதோடு போன் அறுந்தது. நான் கிளவுடுக்குள் போய் முதல் கணினியை இயக்கினேன். அவசரத்தில் இரண்டு முறை பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டேன். மூன்றாவது முறையும் தப்பினால் பூட்டிக்கொள்ளும். அந்த விதியும் என்னுடையதுதான். ஒவ்வோர் எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே போட்டேன். நல்லவேளையாக அறையில் யாரும் இல்லை. பன்னிரண்டு பத்துக்குத் திரைகள் மூன்றும் உயிர்த்தன. ஆனால் கருவியில் அழிக்கும் நேரம் மாறாமல் அப்படியே இருந்தது.

எல்லாரையும் ஒரே நேரத்தில் போட நர்ஸ்கள் போதாததால், கீழ்பென்னாத்தூர் ஆட்களை முதலில் மிஷினில் போடுவது என்று முடிவு செய்தோம். உள்ளூர்க்காரர்கள் பிறகு. எல்லாருக்கும் கடைசியாக என் மனைவி.

"செக்ரெட்ரி ஊட்டம்மாவாச்சே, கடைசிதான்" என்று பக்கத்து நாற்காலிப் பெண்மணியிடம் சொன்னாள். வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு விட்டாள். உதட்டில் லேசாக நீலம் தெரிந்தது. நர்ஸ் ஒருத்தி ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மூக்கில் குழாய் வைத்தாள். ஒன்று பதினைந்துக்கு ஒன்பதாம் மிஷினில் அவளைப் போட்டபோது, நர்ஸ் திரையைப் பார்த்து, ஃபில்டர் உறையைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்ததை நான் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக் காலை பத்து நாற்பதுக்குப் பிறகு அவள் எதைப் பார்ப்பாள்?

யாருக்கும் நாலு மணி நேரம் கொடுக்க முடியவில்லை. இரண்டரை மணி நேரத்தில் எடுத்துவிட்டோம். டாக்டர் வந்து பார்த்து, பதின்மூன்று பேருக்கும் செவ்வாய் மாலை இன்னொரு முறை போட வேண்டும் என்று எழுதினார்.

ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தபோதே ஐம்பத்து மூன்று பேரின் முதல் பக்கத்தையும் காகிதத்தில் எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தோம். நோயாளி நம்பர் வரிசைப்படி. முப்பத்தொன்றாவது பக்கத்தில் பிரின்டரில் மை தீர்ந்தது. மை வாங்கப் போனவர் கூட்டத்தில் கடைவீதிக்கே போக முடியாமல் திரும்பி வந்தார். நோயாளிகளின் விவரத்தைத் திறக்கும் உரிமை நர்ஸ்களுக்கு மட்டும். நான் திறக்க முடியாது. அவர்கள் சாலை மூடுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும். போனார்கள். என் மனைவியின் நம்பர் நாற்பத்து நாலு.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டாள்:

"எந்த ஃபில்டர் ஆவாதுன்னு அத மட்டுமாச்சும் நேத்தே எழுதி வாங்கிக்கினு வந்திருக்கலாமில்ல?"

"வரிசையா எடுக்கறாங்க. நடுவுல நம்மளுத மட்டும் எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான்."

அவள் கேட்டது சரி. ஆனாலும் என்னால் முடியவில்லை. கடைசியில் இருபத்திரண்டு பேர் நிற்கும்போது ஒருத்தி பெயரை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக அவள் உயிரை வைத்தா வரிசை பார்த்தேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

எட்டு மணிக்கே மையத்துக்குப் போய்விட்டேன். தலைமை நர்ஸ் காலை ஷிஃப்டை மிஷினில் போட்டுவிட்டுக் கிடைத்த இடைவெளியில் ஆறு பேரைக் கையால் எழுதி முடித்திருந்தாள். முப்பத்தேழு வரை. அதற்குள் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, அவள் எழுந்து ஓடிவிட்டாள். முதல் பக்கம்தான் இப்படி. நாலு வருஷத்து ரத்தப் பரிசோதனைகளை யார் எழுதுவது?

பத்து மணி எட்டு நிமிடத்துக்குப் பொறியாளர் கூப்பிட்டாள்.

"சார், கீழ்பென்னாத்தூர் தாண்டி பஸ் நின்னு அரை மணி ஆச்சு. கிரிவலம் முடிச்சிட்டு போறவங்க வண்டி ரெண்டு பக்கமும். நான் எறங்கி நடக்கட்டுமா?"

"எத்தனை கிலோமீட்டர்?"

"தெரியல சார். போர்டுல பதிமூணுன்னு இருக்கு."

அவள் பிறகு வேறு ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. முப்பத்திரண்டு நிமிடத்தில் யாரும் பதின்மூன்று கிலோமீட்டர் நடக்க முடியாது. நான் டிசைன் கருவியின் முன்னால் உட்கார்ந்து அந்த நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியைக் கொடுத்து உள்ளே விட்டவன் நான். எங்கே போய் யாரிடம் கெஞ்சுவது? வீட்டுக்காரன் என்றால் காலில் விழலாம்.

பொருளாளர் உள்ளே வந்தார். நேற்றிலிருந்து அவர் முகமும் சரியில்லை. லீஸ் என்ற வார்த்தையையே அவர் சொல்வதில்லை. நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றார்.

"அவன் எப்படி சார் உள்ள வருவான், இடிக்கறதுக்கு?"

"யாரு?"

"இந்த டூலு."

"நான் குடுத்த யூசர் பேர், பாஸ்வேர்ட வச்சிகிட்டுத்தான்."

"அப்பன்னா பூட்ட மாத்திட வேண்டியதுதானே? லீஸ் ஆளு தகராறு பண்ணா நாங்க அதத்தான் பண்ணுவோம். சாவி அவன்கிட்ட இருந்தா இருந்துட்டு போவட்டும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை. வீடு என்றே நினைத்துத்தான் சொன்னார்.

கிளவுடுக்குள் போனேன். கருவிக்கென்று தனியாக ஒரு யூசர் பேர் உண்டாக்கியிருந்தோம். அதன் பாஸ்வேர்டை மாற்றும் பக்கத்தைத் திறந்தேன். புதிய பாஸ்வேர்ட் பன்னிரண்டு எழுத்து இருக்க வேண்டும், பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பி அனுப்பியது. பத்து முப்பத்தொன்றுக்கு ஏற்றுக்கொண்டது.

"ஆச்சா?" என்றார்.

"மாத்திட்டேன். ஆனா உள்ள ஏற்கெனவே வந்து நின்னுகிட்டு இருந்தா?"

"ஆள் உள்ள இருக்கும்போது பூட்ட மாத்தினா வேலைக்கு ஆவாது சார். வெளிய தள்ளிட்டுத்தான் மாத்தணும்."

அதையும் செய்தேன். அந்தப் பெயரில் திறந்திருந்த நுழைவுகள் இரண்டு, இரண்டையும் மூடினேன். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. தலைமை நர்ஸ் கையுறையோடு வந்து எங்கள் பின்னால் நின்றாள். முப்பத்தெட்டாவது ஆளை எழுத ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாள். அப்போது நான் கேட்டேன்.

"சிஸ்டர், நாற்பத்து நாலுக்கு எந்த ஃபில்டர் ஆகாதுன்னு மட்டும் பாத்து சொல்லுங்களேன்."

அவள் கூடத்துத் திரைக்குப் போனாள். திரும்பி வந்து ஒரு துண்டுச் சீட்டை என் சட்டைப் பையில் வைத்தாள். மணி பத்து முப்பத்தொன்பது.

பத்து நாற்பது. திரையில் வட்டம் சுற்றியது. அழிக்கப்படுகிறது என்று எழுத்து மாறியது. பொருளாளர் என் தோளைப் பிடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பாக ஒரு வரி: இணைப்பு மறுக்கப்பட்டது. மறுபடி முயற்சிக்கிறது. மறுபடி வட்டம். மறுபடி சிவப்பு. மூன்றாவது முறை வட்டம் சுற்றும்போது வாசலில் ஒரு நோயாளியின் மகன், "சார், டீ வேணுமா?" என்று கேட்க, பொருளாளர் அவனை, "போடா அந்தாண்ட" என்று கத்தினார். மூன்றாவது முறையும் சிவப்பு. அதோடு நின்றது. கருவி தோல்வி என்று எழுதி ஓய்ந்தது.

கூடத்துக்கு ஓடினேன். திரைகள் மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. முப்பத்தெட்டாவது ஆளின் பக்கம் பாதி எழுதியபடி இருந்தது.

பொறியாளர் ஒன்றே காலுக்கு வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் தூசி. நடந்ததைக் கேட்டுவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டாள். "சார், இத நான்தான் சொல்லியிருக்கணும். பஸ்ல ஒக்காந்து இருபது வழி யோசிச்சேன், இது தோணல." பொருளாளர், "நாலு ஊடு வச்சி பாரும்மா, தோணும்" என்றார். அவள் லீஸை எடுத்துவிட்டாள். நகலை வேறு படத்துக்கு மாற்றினாள். அதற்குப் பிறகுதான் கருவியை மறுபடி இணைத்தாள். நம்புகிறீர்களா என்று அது கேட்டபோது நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

மாலை நாலு மணிக்குப் பதின்மூன்று பேருக்கும் மறுமுறை போட்டோம். கீழ்பென்னாத்தூர் ஆட்களைக் கூட்டிவரக் கார் வைத்தேன். இந்தத் தடவை என் மனைவியைத்தான் முதலில் போட்டார்கள், நான்தான் அப்படிக் கேட்டேன். முழு நாலு மணி நேரம். எழுந்தபோது எடை நாற்பத்தெட்டரை, இருக்க வேண்டிய அளவு; மூச்சு பதினெட்டு.

"இப்போ எண்ணிக்கலாம்" என்றாள்.

கூடுதல் சிகிச்சைக்கான கட்டணத்தை அறக்கட்டளை ஏற்கும் என்றார் பொருளாளர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாதி என்னுடையது என்றார், அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. பதின்மூன்று பேரின் கட்டணம், கார், பிரின்டர் மை, நகலைத் தனியாக எடுத்துப் பூட்டி வைக்க ஒரு வெளி டிஸ்க், பொறியாளரின் பஸ் டிக்கெட்டும் சாப்பாடும், எல்லாம் சேர்த்து என் பென்ஷன் கணக்கிலிருந்து போனது பதினான்காயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.